என் பேர்ல எழுதிக்க

நாற்பத்து ஓராயிரத்து அறுநூற்று ஐம்பது. செத்துப்போன கோச், தான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த கல்லூரிக்கு வைத்துவிட்டுப் போன பாக்கி இதுதான் என்று கணக்குப் பிரிவுக்காரர் வந்து சொன்னபோது, பூட்டக்காவின் கையில் ஒரு கூடைப்பந்து இருந்தது. அதை அவர் மூஞ்சியில் எறியாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"திரும்பச் சொல்லுங்க."

"நாப்பத்தோராயிரத்து... அறுநூத்தம்பது."

ஆயிரத்துக்கும் நூறுக்கும் நடுவில் மூச்சு விட்டுச் சொல்வது அவர் வழக்கம். மாணவர்கள் அவருக்குக் கமா என்று பேர் வைத்திருந்தார்கள். விளையாட்டுப் பொருள் கிடங்கின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அலைவதால் இவளுக்குப் பூட்டக்கா. கல்லூரியில் யாருக்கும் சொந்தப் பேர் நிலைத்ததில்லை.

"எதுக்கு அவ்வளவு பாக்கி?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க? நாப்பத்துமூணு ஜோடி ஷூ. எல்லாம் அவர் கையெழுத்து. ஒண்ணுகூடத் திரும்பி வரலை. அவருக்கு வர வேண்டிய பணத்துல இதைக் கழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. நோ டியூ பேப்பர்ல உங்க கையெழுத்தும் வேணும்."

அப்போதுதான் பூட்டக்காவுக்கு விஷயம் புரிந்தது. போன வாரம் இதே கமா வந்து, "கோச் பத்தின விவரமெல்லாம் எடுக்கச் சொல்லியிருக்காங்க, உங்க நோட்டைக் குடுங்க" என்று கேட்டார். கோச்சைப் பற்றி நினைவு மலர் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவர் எத்தனை பிள்ளைகளுக்கு என்னென்ன செய்தார் என்று அச்சில் வரும், அதுவும் தன் நோட்டைப் பார்த்து வரும் என்று பூரித்துப் போய், அட்டையைத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தவள் அவள். கூடைப்பந்துக் கோர்ட்டைக் கூட்டித் துடைக்க வந்தவளைக் கிடங்கில் ஆள் இல்லாததால் அதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் ஒரு வரி விடாமல் எழுதினாள். அடித்தல் திருத்தல் கிடையாது. கோலி உருண்டை மாதிரி எழுத்து. தணிக்கைக்கு வருகிறவர்கள் அவள் நோட்டைத் தூக்கிக் காட்டி மற்ற கிடங்குக்காரர்களைத் திட்டுவார்கள். அந்தப் பெருமைதான் இப்போது ஒரு குடும்பத்தின் தலையில் கல்லாக விழுந்திருக்கிறது.

கல்லூரி ஷூ என்றால் ஆட்டம் முடிந்ததும் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டும். இதுதான் விதி. கோச் அதைக் கேட்டுச் சிரிப்பார். அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் பிள்ளைகள் வரிசையாக நின்றால் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். அடிப்பாகம் வாயைப் பிளந்த ஷூவோடு ஒருவன் நிற்பான். அண்ணன் ஷூவில் துணியை அடைத்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். ஒன்றும் பேசாமல் கிடங்குக்கு வந்து, "ஏம்மா பூட்டு, பத்தாம் நம்பர் அளவு ஒண்ணு எடு" என்பார்.

"யார் பேர்ல எழுத அண்ணே?"

"என் பேர்ல எழுதிக்க."

"திரும்பி வருமா?"

"கால் திரும்பி வந்தா ஷூவும் வரும்."

பிள்ளைகள் பேரில் எழுதினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கப் போகும்போது நூலகம், ஆய்வகம், கிடங்கு என்று ஒவ்வொரு வாசலிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு ஜோடி ஷூவுக்குக் காசு கட்ட முடியாமல் சான்றிதழை விட்டுவிட்டுப் போன பையன் ஒருவன் முன்பு இருந்தானாம். அதன்பிறகுதான் கோச் இந்த ஏற்பாட்டுக்கு வந்தார். தேய்ந்த ஷூவைக் கொண்டுவந்து காட்டினால் கழிவுப் பட்டியலில் ஏற்றிக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஆனால் கொடுத்ததைக் கிழிந்த பின்னும் போய்க் கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. 'பார்த்துக்கலாம்' என்றே பத்தொன்பது வருடத்தை ஓட்டினார்.

அவர் சொல்லியும் கேட்காமல் பூட்டக்கா ஒரு காரியம் மட்டும் செய்தாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், ஷூ யாருக்குப் போனதோ அவர்களின் ஜெர்சி எண்ணைப் பொடியாக எழுதிவைத்தாள். "நாளைக்கு எவனாவது கேட்டா?" என்பாள். "நாளைக்குக் கேக்கறவன் எவனும் என்னைக் கேக்க மாட்டான்" என்பார். ஆள் சொன்ன மாதிரியே தப்பித்துக்கொண்டார். வெளியூர் ஆட்டத்தில் ஜெயித்துத் திரும்பும்போது, பட்டப்பகலில், பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பிள்ளைகள் அவர் தூங்குகிறார் என்று பாட்டைக்கூட நிறுத்தியிருக்கிறார்கள். எழுப்பினால் திட்டுவார் என்று கல்லூரி வாசல் வரை ஒருவனும் தொடவில்லை.

மறுநாள் கோச்சின் மனைவி கணக்குப் பிரிவுக்கு வந்துவிட்டு நேராகக் கிடங்குக்கு வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். புடவையில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுது ஓய்ந்த முகம் இல்லை. அழுகை உள்ளேயே காய்ந்து கெட்டியாகிவிட்ட முகம்.

"உக்காருங்க அண்ணி."

"உக்கார வரலை. நாப்பத்துமூணு ஜோடி. வித்துட்டாரா?"

"அண்ணி..."

"வேற என்ன பண்ணினார்? வீட்டுல அவருக்குன்னு ரெண்டு ஜோடி இருக்கு. ஒண்ணுக்கு நான்தான் ஊசி போட்டுத் தச்சுக் குடுத்தேன். அங்க கமாவா, புள்ளியா, அந்த ஆளு என்கிட்ட மெதுவாச் சொல்றாரு, வெளிய தெரிஞ்சா நல்லா இருக்காதும்மான்னு. இருபத்தஞ்சு வருஷம் கூடப் படுத்து எந்திரிச்சவ நான். எனக்கே தெரியாம எதை வெளிய தெரியாமப் பண்ணினாரு?"

பூட்டக்கா சொன்னாள். காலைப் பார்ப்பது, சான்றிதழ், எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி முழுதாகக் கேட்டாள். கோபம் தணியும் என்று பூட்டக்கா நினைத்தாள்; அது பக்கம் மாறியது.

"நீ சொல்றே. பேப்பர் வேற சொல்லுது. பேப்பர்லயும் நீதான் எழுதியிருக்கே. நான் எதை நம்பறது? அந்தக் காசு போனாப் போகுது. அவரை நினைச்சா ஷூவும் கூட வந்து நிக்குதே, அதுக்கு என்ன பண்ணுவே?"

அன்று பூட்டக்கா கோர்ட்டை இரண்டு முறை துடைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கைதான் ஓடும்.

வெள்ளிக்கிழமை கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் தட்டச்சு அடித்த தாள் ஒன்று இருந்தது.

"இங்க பாரும்மா, நாளைக்கு அஞ்சலிக் கூட்டம். பழைய மாணவர்கள் நிறைய வர்றாங்க. அந்த நாலாம் நம்பர் ஜெர்சிக்காரர், பெரிய கட்டட முதலாளி ஆயிட்டாரே, அவர்தான் தலைமை. இந்தப் பாக்கி விஷயம் அசிங்கமா இருக்கு. அதனால நிர்வாகம் தள்ளுபடி பண்ணுது. மேடையிலயே அறிவிச்சு அந்தம்மா கையில குடுத்துடுவோம். நீ இதுல ஒரு கையெழுத்து போடு."

பூட்டக்கா எழுத்துக் கூட்டினாள். 'காலஞ்சென்ற பயிற்சியாளர் பெற்றுக்கொண்டு திருப்பி ஒப்படைக்காத பொருட்களின் மதிப்பு, கருணை அடிப்படையில்...' அதற்கு மேல் படிக்கவில்லை.

"கருணையா?"

"ஏன், அதுல என்ன?"

"திருடினான், போனாப் போகுதுன்னு விட்டுட்டோம்னு எழுதியிருக்கீங்க."

"அப்படி எங்கம்மா எழுதியிருக்கு?"

"இவ்வளவு படிச்ச உங்களுக்கே தெரியலைன்னா, மெதுவாப் படிக்கறவளுக்குத்தான் தெரியும் போல. நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"மாட்டேன்னா மொத்தத் தொகையும் நிக்கும். அந்தம்மா வீட்டுல அடுப்பு எரியணுமா வேண்டாமா?"

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான். "நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வந்தாள். வரும் வழியில் கணக்குப் பிரிவில் நுழைந்து, கமாவின் மேசையில் கிடந்த தன் நோட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் பார்த்தார். பேனாவை மூடித் திறந்தார். தடுக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தைக் கோர்ட்டிலேயே வைத்தார்கள். மரத்தரைமேல் மேடையை இழுத்திருந்தார்கள். இழுத்த இடமெல்லாம் நகத்தால் கீறிய மாதிரி கோடு. மலர் வளையங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெருச் செருப்போடு ஒருவனையும் கோச் உள்ளே விட்டதில்லை. இன்று முந்நூறு பேர் சேறும் புழுதியுமாக ஏறி நின்று அவரைப் புகழ்ந்தார்கள். ஒருவர் அவரை மலை என்றார். இன்னொருவர் கடல் என்றார். மூன்றாமவர் வேறு ஒன்றும் மிச்சம் இல்லாமல் வானம் என்றார். இருபத்தாறு வருடத்தில் அவருக்கு ஒரு மின்விசிறி போட்டுக்கொடுக்காத நிர்வாகம் இது. பூட்டக்கா கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி மேடையில் ஓர் ஓரத்து நாற்காலியில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நம்பர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல துணி. "எனக்கு எல்லாமே அவர் குடுத்தது. நான் வசதியான வீட்டுப் பையன். ஆனா ஒழுக்கம்னா என்னன்னு அவர்தான்..." என்று குரல் தழுதழுக்கப் பேசி உட்கார்ந்தார். கை தட்டினார்கள். முதல்வர் தாளோடு எழுந்து, "நிர்வாகத்தின் பெருந்தன்மையை இந்த நேரத்தில்..." என்று ஆரம்பித்தார்.

பூட்டக்கா நடந்தாள். எப்படி மேடைக்கு வந்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒலிபெருக்கி முன்னால் நின்று நோட்டைப் பிரித்தாள்.

"கையெழுத்துக் கேட்டாங்க. போடறதுக்கு முன்னாடி ஒருதடவை படிச்சுப் பார்க்கணும்ல. படிக்கிறேன். யாருதோ அவங்க எந்திரிங்க. ஜெர்சி பதினொண்ணு. ஷூ அளவு பத்து. எழுநூத்தம்பது. கோச் பேர்ல எழுதினது."

முதல்வர், "ஏம்மா, என்ன இது" என்றார். நடுவிலிருந்து லாரி ஓட்டுநர் உடையில் ஒருவன் எழுந்தான்.

"அது நான்தான் பூட்டக்கா. கோச் பேர்லயா எழுதினீங்க? காலேஜ் குடுத்ததுன்னுல்ல நினைச்சேன்."

"காலேஜ் குடுத்தா ஏன்டா அவர் பொண்டாட்டிகிட்டக் கேக்கறாங்க?"

அவன் நின்றபடியே சட்டைப்பையில் கையை விட்டான்.

"ஜெர்சி ஏழு. அளவு அஞ்சு. அறுநூத்தி எழுபத்தஞ்சு."

மருத்துவமனைத் தாதி ஒருத்தி எழுந்தாள். அழுதுகொண்டே பையைத் திறந்து தேடினாள். பிறகு பதினான்கு, ஒன்பது, இருபத்திரண்டு. எழுகிறவர்களின் நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. யாரோ ஒருவன், "அக்கா, எனக்கு ரெண்டு ஜோடி. முதல் ஜோடியை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றான். சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேர் அழுதார்கள்.

"நாயைக் கூட்டிட்டு வா, அதுகிட்டயும் வாங்கிக்கறேன். அடுத்தது. ஜெர்சி நாலு. அளவு பதினொண்ணு. தொள்ளாயிரம்."

யாரும் எழவில்லை. எல்லாக் கண்ணும் மேடைக்குத் திரும்பியது. நாலாம் நம்பர் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்தார். பிறகு எழுந்து சிரித்துக்கொண்டே காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

"அக்கா, எதுக்கு இதெல்லாம்? மொத்தத்தையும் நானே குடுத்துடறேன். விட்டுடுங்க."

"உன் காலு எத்தனை தம்பி? நாப்பத்துமூணு ஜோடியையும் நீயா போட்டே?"

"என்னை எல்லாருக்கும் முன்னாடி அவமானப்படுத்தறீங்க."

"அவமானத்தை யார் பேர்ல எழுதணும்? அதையும் அவர் பேர்லயே எழுதிக்கவா?"

அவர் தொள்ளாயிரத்தை எண்ணி மேசைமேல் அறைந்துவிட்டு இறங்கிப் போனார். திருந்தவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. முதல்வர் பின்னாலேயே ஓடினார். பூட்டக்கா அடுத்த வரிக்குப் போனாள்.

நாற்பத்திரண்டு வரி படித்தாள். ஒன்றை மட்டும் படிக்கவில்லை.

அது முதல் பக்கத்திலேயே மூன்றாவது வரியாக இருந்தது. அளவு ஆறு. அறுநூற்று ஐம்பது. ஓரத்தில் எண் இல்லை. அவள் கிடங்குக்கு வந்த முதல் வருடம், வெறுங்காலோடு மரத்தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோச் அவள் காலையும் பார்த்திருந்தார். குதிகால் பாளம் பாளமாக வெடித்து, துடைத்த இடத்தில் சிவப்பாகப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது. "ஆறாம் நம்பர் அளவு ஒண்ணு எடு" என்றார். யாருக்கு என்று கேட்டாள். "எடுத்துப் போட்டுக்க. தரை கெடுது" என்றார். கிடங்குப் பொருளைக் கிடங்குக்காரி எடுத்தால் வேலை போகும். அதனால் தன் கையாலேயே அவர் பேரில் எழுதினாள். மேடையில் அந்த வரியின்மேல் கண் பட்டதும் நாக்கு தானாகத் தாண்டிவிட்டது.

அன்றைக்கே இருபத்தொன்பது ஜோடிக்குக் காசு வந்தது. வராதவர்களுக்கு வந்தவர்கள் போன் போட்டுத் திட்டினார்கள். தினமும் மாலையில் அண்ணி தையல் கடையை மூடிவிட்டுக் கிடங்குக்கு வந்து உட்காருவாள். வரி வரியாக விரல் வைத்து, "இந்தப் பதினஞ்சு யாரு?" என்று கேட்பாள். பூட்டக்கா சொல்லுவாள். அந்தப் பையனை அவர் எப்படித் திட்டினார், தோற்ற அன்று எப்படி வாசல்படியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், எல்லாம் சொல்லுவாள். நடுநடுவே நிர்வாகத்தைத் திட்டுவாள், நாலாம் நம்பரைத் திட்டுவாள், இன்னும் காசு அனுப்பாதவர்களை வம்சத்தோடு இழுப்பாள். அண்ணிக்கு அது மருந்து மாதிரி இருந்தது. அவளும் சேர்ந்துகொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கமா ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்.

"நாப்பத்தோராயிரம் முழுசா வந்துடுச்சு. அறுநூத்தம்பதுதான் இடிக்குது. அதை நான் வேணா..." தொண்டையைச் செருமினார். "நானே போட்டுடறேன். முடிச்சுடுவோம்."

"எந்த நன்றி கெட்ட ஜென்மம் அது?" என்றாள் அண்ணி. நோட்டை இழுத்து முதல் பக்கத்தைப் புரட்டினாள். தையல்காரி விரல், ஒரு தையல் விட்டிருந்தால் கண்டுபிடித்துவிடும். மூன்றாவது வரியில் நின்றது. "இதுக்கு ஓரத்துல நம்பரே இல்லையே. ஆறு. பொம்பளைக் காலு. யாரு இது?"

கமா கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பூட்டக்கா ஒரு நொடி அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மேடையேறி ஊரை நிற்கவைத்துக் கேட்டவள் அவள்.

"நான்தான் அண்ணி."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கமா ரசீதுப் புத்தகத்தைப் பாதி மூடினார்.

"பன்னிரண்டு நாளா என்கூட உக்காந்து ஊரையெல்லாம் திட்டினியே."

"திட்டினேன்."

"அன்னைக்கு மேடையில இதைப் படிக்கலையா?"

"படிக்கலை. வேலை போயிடும்னு பயந்தேன். அந்த நாலாம் நம்பராவது தண்ணி குடிச்சுட்டு எந்திரிச்சான். நான் அதுகூடச் செய்யலை."

பூட்டக்கா பெட்டிக்கு அடியிலிருந்து காசை எடுத்து எண்ணினாள். மாதக் கடைசி, அறுநூறு இருந்தது. மீதி ஐம்பதுக்குப் புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். கமா தயங்கினார்.

"யார்கிட்ட வாங்கினதுன்னு ரசீதுல எழுதணும். உங்க பேர எழுதினா மேல இருந்து கேள்வி வரும் பூட்டக்கா."

"வரட்டும். முதல்வர் என்னை அனுப்பக் காரணம் தேடிட்டுத்தான் இருக்காரு. ஒண்ணு குடுத்த மாதிரி இருக்கும். எழுதுங்க."

"முழுப் பேர் என்ன?"

சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் அவர் அதை முதல் தடவையாகக் கேட்கிறார். இடையில் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் எழுதினார். பிறகு நோ டியூ தாளை அவள் பக்கம் திருப்பினார். கிடங்கு என்று போட்டிருந்த வரியில் பூட்டக்கா 'பாக்கி இல்லை' என்று உருட்டி உருட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கமா முத்திரையை மையில் தொட்டு ஓங்கிக் குத்தினார். மேசையே ஆடியது.

அண்ணி தாளை மடித்துப் பையில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"இனிமே யாரைத் திட்டுவே?"

"அவரைத்தான்" என்றாள் பூட்டக்கா. "என் காலுக்குப் போட்ட ஷூவுக்கு நான் காசு கட்டியிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்?"

"கேக்கவே மாட்டாரு" என்று சொல்லி, அண்ணி தான் தினமும் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வீட்டுலயும் அப்படித்தான். ஒருநாள் என்ன பண்ணினாரு தெரியுமா?"